தட்டில் மிஞ்சியவை

ஒரு பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. கேட்டவர் பெயர் எனக்குத் தெரியாது. தேடிப்போய்ச் சொல்லவும் வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்காக நடந்த ஒரு கூட்டத்தில் ஒளியியக்க சிகிச்சை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மருந்து போய்ப் புற்றுச் செல்லில் தங்கும். அதன்மேல் சரியான நிறத்து ஒளி விழுந்தால் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மூர்க்கமாக மாறித் தொட்டதையெல்லாம் சிதைக்கும். ஒளி விழாத இடத்தில் மருந்து சும்மா கிடக்கும் என்று படம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பேச்சு முடிந்து மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா மெதுவாக என்னிடம் வந்தார். அவர் கணவருக்கு உணவுக்குழாயில் கட்டி. இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசியிருக்கிறார். “ஒண்ணு கேக்கட்டுமா கண்ணு? வெளிச்சம் பட்டு செத்தது செத்துது. சாகாம மிஞ்சினது என்ன பண்ணும்?” என்றார். “அதுவும் நைஞ்சு போயிருக்கும்மா, கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது உண்மையில்லை என்று காட்டும் ஒரு படம் மூன்று வாரமாக என் கணினியிலேயே இருந்ததுதான்.

அந்தப் படம் வந்த கதை இது. புராஸ்டேட் புற்றிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் பிசி3 என்ற செல்களை வைத்து, ஒளியின் அளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் ஒரு வரிசைச் சோதனை செய்துகொண்டிருந்தேன். செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தில் 5-அமினோலெவுலினிக் அமிலத்தைக் கலந்து முக்கால் மணி நேரம் விட்டால், செல் அதை வாங்கித் தன் மைட்டோகாண்ட்ரியாவிலேயே புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறப்பொருளாக மாற்றிக்கொள்ளும். தன்னைக் கொல்லப்போகும் மருந்தைத் தானே சமைக்கிறது. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபாயில் சுற்றிய தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கின் கீழ் வைக்க வேண்டும். அதிக ஒளி வாங்கிய தட்டுகளில் மறுநாள் திரவம் கலங்கி, செத்த செல்கள் உருண்டு மிதந்தன. மிகக் குறைந்த ஒளி வாங்கிய தட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் செத்திருந்தது. அந்தத் தட்டால் எனக்குப் பயனில்லை. கொட்டிவிடத்தான் எடுத்தேன். அப்போதுதான் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்குக் கீறல் சோதனை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வீணாகப் போகிற தட்டுதானே என்று அதையும், ஒளியே படாத ஒரு தட்டையும் அவளிடம் கொடுத்தேன்.

கீறல் சோதனை எளிமையானது. தட்டின் அடியில் தளக்கல் பாவியதுபோல நெருக்கமாக ஒட்டியிருக்கும் செல் படலத்தின் குறுக்கே பைபெட் முனையால் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட வேண்டும். கோடு போன வழியில் செல்கள் உரிந்து, வெறும் பாதை தெரியும். கழுவிவிட்டு இன்குபேட்டரில் வைத்தால், இரு கரையிலும் உள்ள செல்கள் மெல்ல நகர்ந்து இடைவெளியை மூடும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மூடுகிறது என்று அளந்தால், அந்தச் செல்களுக்கு இடம்பெயரும் துடிப்பு எவ்வளவு என்பது தெரியும். புற்று ஓரிடம் விட்டு ஓரிடம் பரவுவதற்கு முதல் தேவை அந்தத் துடிப்பு.

மறுநாள் அவள் இரண்டு படங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். “அக்கா, லேபிள் மாறிடுச்சா பாருங்களேன்” என்றாள். ஒளி படாத தட்டில் பாதை இன்னும் அகலமாகத் திறந்திருந்தது. ஒளி பட்ட தட்டில் கரையோரச் செல்கள் நீண்டு, கூர்ந்து, எதிர்க்கரையைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டிருந்தன. அடி வாங்கிய கூட்டம், எண்ணிக்கையிலும் குறைந்த கூட்டம், அடி வாங்காததை முந்தியிருந்தது. “மாறித்தான் இருக்கும்” என்று சொல்லி, படத்தை ஒரு கோப்புறையில் போட்டு மூடிவிட்டேன்.

மங்கிய வெளிச்சத்தில் சாகாத உயிர்கள்

அந்த அம்மாவின் கேள்விக்கு அப்புறம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் ஆஸ்கர் ராப். மியூனிக்கில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் வேலை பார்த்த மருத்துவ மாணவர். அக்ரிடின் சாயம் பாரமீசியம் என்ற நுண்ணுயிரை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரே அளவு சாயம்தான்; ஆனால் ஒரு நாள் சீக்கிரம் சாகின்றன, இன்னொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டே இருக்கின்றன. அளவில் தவறியிருப்பேன் என்று அவர் அந்த எண்களைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. உயிர்கள் தாக்குப்பிடித்த அன்று இடிமழை, அறையில் வெளிச்சம் குறைவு என்று கவனித்தார். சாயம் மட்டும் கொல்வதில்லை, சாயமும் ஒளியும் சேர்ந்துதான் கொல்கின்றன என்று 1900-இல் வெளியிட்டார். 1903-இல் டாப்பைனரும் யெசியோனெக்கும் இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளில் பூசி வெளிச்சத்தில் காட்டினார்கள். ஆக்சிஜனும் வேண்டும் என்பது அடுத்துத் தெரிந்தது.

இந்தத் துறையே, ஒத்துவராத ஒரு முடிவை ஒருவர் குப்பையில் போடாததால் பிறந்தது. அதே துறையில் வேலை பார்க்கும் நான், ஒத்துவராத ஒரு படத்தைப் பார்த்து லேபிள் மாறிவிட்டது என்று முடிவுகட்டினேன். இது எனக்கு உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

படத்தைத் திரும்ப எடுத்தேன். இதுபோல வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட் ஜிரோட்டியும் ஜோனதன் ஃபாஹேயும் 2015-இலேயே இதே பிசி3 செல்களில் இதையே காட்டியிருந்தார்கள். ஒளியியக்கத் தாக்குதலில் பிழைத்த செல்கள் வேகமாக நகர்கின்றன, வேகமாக ஊடுருவுகின்றன. அதற்குக் காரணமாக அவர்கள் கைகாட்டியது ஒரு சின்ன வாயுவை. நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான்.

தீயை அணைக்கும் வாயு

நைட்ரிக் ஆக்சைடை எனக்கு அதுவரை ரத்தக்குழாயின் நண்பனாகத்தான் தெரியும். குழாய்ச் சுவரைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் தூதுவன். இதற்காக 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். புற்றுநோய்ப் பக்கம் இதன் பெயர் அடிபட்டது வேறு விதமாக. ஜான் ஹிப்ஸ் 1987-இல், மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்புச் செல்கள் புற்றுச் செல்லைக் கொல்ல அர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும் என்று காட்டினார். அந்த அர்ஜினினிலிருந்து வருவது நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது சீக்கிரமே உறுதியானது. ஆக, பாடப்புத்தகத்தில் இது நம் பக்கத்துப் படைவீரன்.

ஜிரோட்டி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் பல வருடங்களாகப் பார்த்துவந்தது செல் சவ்வில் நடக்கும் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தை. ஒளியியக்க சிகிச்சையில் உருவாகும் சிங்லெட் ஆக்சிஜன், அதாவது முதலில் சொன்ன அந்த மூர்க்கமான ஆக்சிஜன், நுண்விநாடிகளே வாழும், பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. ஆனால் அது சவ்வில் வைத்த நெருப்பு அதோடு நிற்காது. சிதைந்த ஒரு கொழுப்பு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைச் சிதைக்கும், அது அடுத்ததை. வைக்கோற்போரில் பிடித்த தீபோலப் பரவிக்கொண்டே போகும். செல் சாவதில் இந்தச் சங்கிலிக்குப் பெரிய பங்கு உண்டு. நைட்ரிக் ஆக்சைடோ, எரிகிற வைக்கோலை மட்டும் உருவித் தண்ணீரில் போடுகிற ஆள் மாதிரி. சங்கிலியை நடத்திச் செல்லும் பெராக்சில் ரேடிக்கலோடு தானே போய்ச் சேர்ந்து, இரண்டும் அடங்கிவிடும். மார்பகப் புற்றுச் செல்களில் வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கொடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது, ஒளி பட்டும் செல்கள் தாக்குப்பிடிப்பதை அவர் குழு பார்த்தது.

அப்புறம்தான் அடுத்த கேள்வி. நாம் வெளியிலிருந்து கொடுக்காவிட்டால், செல் தானாகவே இதைச் செய்துகொள்ளுமா? 2010-இல் ரேஷ்மா பௌமிக்கும் ஜிரோட்டியும் வெளியிட்ட பதில்: செய்துகொள்ளும். நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிகள் மூன்று. அவற்றில் ஒன்று, ஆபத்துக் காலத்தில் மட்டும் உற்பத்தியைத் தூக்கும் ரகம். நாங்கள் பேச்சில் ஐநாஸ் என்போம். ஒளி பட்டுப் பிழைத்த மார்பகப் புற்றுச் செல்களில் இந்த ஐநாஸ் சில மணி நேரத்தில் பல மடங்கு ஏறியது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தையோ, வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் பொருளையோ சேர்த்தால் சாவு கூடியது. சிகிச்சையே செல்லுக்குள் ஒரு தீயணைப்பு நிலையத்தைத் திறந்துவைக்கிறது.

தீயை அணைத்துப் பிழைத்துக்கொள்வதோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. அடி வாங்கிய பிறகும் நீண்ட நேரம் அந்த உற்பத்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. சாவைத் தள்ளிப்போடும் புரதங்கள் கூடுகின்றன, செல் பெருகும் வேகம் கூடுகிறது, சுற்றுச்சுவரை அரித்து வழியுண்டாக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகின்றன. என் படத்தில் கரையோரச் செல்கள் நீண்டு கூர்ந்திருந்ததற்குப் பொருள் இதுதான்.

எண் மட்டும் போட்ட தட்டுகள்

படித்துவிட்டு நம்புவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அந்தப் பெண்ணிடம் போய், “அன்னைக்கு உன் லேபிள் மாறல, நான்தான் அவசரப்பட்டுட்டேன். திரும்பப் பண்ணலாமா?” என்று கேட்டேன். இந்தமுறை தட்டுகளை நானே தயார் செய்தேன். ஒளி படாதது, குறைந்த ஒளி பட்டது, குறைந்த ஒளியோடு 1400டபிள்யூ என்ற ஐநாஸ் தடுப்பான் சேர்த்தது, ஒளியில்லாமல் தடுப்பான் மட்டும் சேர்த்தது. எது எது என்று அவளுக்குத் தெரியாதபடி மூடியில் எண் மட்டும் எழுதினேன். கோடு போடுவது, படம் எடுப்பது, அளப்பது எல்லாம் அவள். விடை எழுதிய தாளை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அடுத்த நாள் முழுக்க எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. மூன்று தடவை நுண்ணோக்கி அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மாலையில் அவள் நோட்டோடு வந்தாள். “மூணாம் நம்பர்தான் வேகமா மூடியிருக்கு அக்கா. மத்த மூணும் கிட்டத்தட்ட ஒண்ணு போலத்தான்.” இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். மூன்றாம் எண், குறைந்த ஒளி மட்டும் பட்ட தட்டு. அதே ஒளி வாங்கி, ஐநாஸ் தடுக்கப்பட்ட தட்டில் பாதை அகலமாகத் திறந்தே கிடந்தது. நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். அதன் கரையோரச் செல்கள் நீளவில்லை. உருண்டையாக, பட்ட இடத்திலேயே நின்றிருந்தன. ஒரே ஒளி, ஒரே மருந்து, ஒரே செல். நடுவில் ஒரு வாயுவை எடுத்துவிட்டால் பிழைத்தவற்றின் நடத்தையே வேறாகிவிட்டது.

வெகுநேரம் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை நான் எழுதிய ஒவ்வொரு அறிக்கையிலும் எத்தனை சதவீதம் செத்தது என்ற கட்டம் இருக்கிறது. மிஞ்சியது என்ன செய்தது என்று ஒரு கட்டம்கூட இல்லை. யாரும் கேட்கவுமில்லை. கேட்டது அந்த அம்மா ஒருவர்தான்.

பக்கத்து வீட்டுக்கும் போகும் செய்தி

குறைந்த ஒளியில்தானே இப்படி, நிறைய ஒளி கொடுத்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் போச்சு என்று நானும் முதலில் நினைத்தேன். தட்டில் அது சரி. உடம்பில் ஒளி அப்படிப் போவதில்லை. சிகிச்சைக்குப் பயன்படும் 630 நானோமீட்டர் வாக்கிலான சிவப்பு ஒளிகூடத் திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் வேலை செய்யும் அளவில் இறங்கும். மேலே வெள்ளமாக விழுவது ஆழம் போகப் போகத் தூறலாகிவிடும். கட்டியின் அடியிலும் ஓரத்திலும் மருந்தும் சீராகப் பரவியிருக்காது. ஆக்சிஜன் குறைவான பகுதிகள் வேறு இருக்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும், சாவதற்குப் போதாத, ஆனால் விழித்துக்கொள்ளப் போதுமான ஒளி வாங்கிய ஒரு வரப்பு எப்போதும் இருக்கும். நான் கொட்டிவிட எடுத்த தட்டு அந்த வரப்புதான்.

இதைவிடக் கவலையான ஒன்றை ஜிரோட்டியின் குழுவும், போலந்தின் க்ராகோவ் நகரத்து யாகியெலோனியன் பல்கலைக்கழகத்தில் விட்டோல்ட் கோரிடோவ்ஸ்கியின் குழுவும் சேர்ந்து 2017-இல் வெளியிட்டன. தட்டில் ஒரு சிலிகான் வளையத்தை வைத்துச் செல்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் மருந்து கொடுத்து, ஒளி காட்டி, அதன் பிறகு வளையத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது இரு பகுதிக்கும் நடுவே இருப்பது வெறும் திரவம். மருந்தே வாங்காத செல்களும், பக்கத்தில் அடி வாங்கியவற்றிலிருந்து வந்த நைட்ரிக் ஆக்சைடால் வேகமாகப் பெருகின, வேகமாக நகர்ந்தன. அதோடு அவற்றுக்குள்ளும் ஐநாஸ் ஏறியது. அதாவது செய்தியைக் கேட்டவை தாமும் அதே செய்தியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டன. நைட்ரிக் ஆக்சைடுக்கு மின்னூட்டம் இல்லை, மிகச் சிறியது, சவ்வு அதற்கு ஒரு தடையே இல்லை. ஒளிக்கு எட்டாத இடத்துக்கும் அது போய்ச் சேரும்.

இந்தக் கட்டுரையைப் படித்த அன்று, பத்து வருடமாகச் செய்துவரும் வேலையைப் பற்றி முதல்முறையாகப் பயந்தேன்.

எவ்வளவு என்பதுதான் கேள்வி

இதையெல்லாம் ஒரு சக ஆய்வாளரிடம் கொட்டியபோது, “கிளீவ்லாந்து பேப்பர் ஞாபகம் இல்லையா?” என்றார். நியாயமான கேள்வி. கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் 1998-இல் முக்தாரின் குழு, பிசி4 என்ற தாலோசயனின் மருந்தோடு ஒளி கொடுத்தபோது நைட்ரிக் ஆக்சைடு செல் சாவில் பங்கேற்பதாகக் காட்டியிருந்தது. (என் செல்லின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பிசி3.) அங்கே கொல்கிறது, இங்கே காக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் என்பது என் முடிவு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டேவிட் விங்கின் குழு இதைப் பொறுமையாக அளந்திருக்கிறது. ஏறக்குறைய 100 நானோமோலாருக்குக் (செறிவை அளக்கும் மிகச் சிறிய அலகு) கீழே இருக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு வளர்ச்சிக்கும் பிழைப்புக்குமான பாதைகளைத் தட்டி எழுப்பும். 400 நானோமோலார் வாக்கில் போனால் பி53 என்ற காவல் புரதத்தை எழுப்பி, வளர்ச்சியை நிறுத்தும், செல்லைச் சாவுக்குத் தள்ளும். இத்தாலியின் உடினே பல்கலைக்கழகத்தில் வாலெண்டினா ரபோஸியும், லாஸ் ஏஞ்சல்ஸில் பெஞ்சமின் பொனாவிடாவும் மெலனோமா செல்களில் பார்த்ததும் இதே கதைதான். குறைந்த அளவு ஒளியியக்கத் தாக்குதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், கொஞ்சமாக வரும் நைட்ரிக் ஆக்சைடு என்எஃப்-கப்பா-பி, ஸ்னெயில் என்ற, செல் பிழைக்க உதவும் இரண்டு புரதங்களையும் தூக்கி, அவற்றைக் கட்டுப்படுத்தும் ஆர்கிப் என்ற புரதத்தை அமுக்கிவிடுகிறது; செல் பிழைத்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு நிறைய வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அதனால் அவர்கள் பாதை வேறு. தடுப்பதற்குப் பதிலாக நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தையும் ஒளியுணரியையும் (ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்து) ஒன்றாகக் கொடுத்து, வெள்ளமாகப் பாய்ச்சிக் கொல்லப் பார்க்கிறார்கள்.

எது சரியான வழி என்று என்னைக் கேட்டால், தடுப்பதன் பக்கம்தான் நிற்பேன். வெள்ளமாகப் பாய்ச்சினாலும் வெள்ளத்துக்கு ஓரம் உண்டு. ஓரத்தில் மறுபடி கொஞ்சம்தான் போய்ச் சேரும், அந்தக் கொஞ்சம்தானே பிரச்சினை. தடுப்பானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும், ஒளி எட்டாத ஓரத்துக்கும் போகும். இதற்குச் சான்று புதிதும் இல்லை. எலிகளில் ஏற்பட்ட கட்டிகளுக்கு ஒளியியக்க சிகிச்சையோடு நைட்ரிக் ஆக்சைடு தடுப்பானையும் கொடுத்தால் பலன் கூடுகிறது என்று 1999-இல் பஃபலோவில் பார்பரா ஹென்டர்சனும், 2000-இல் வான்கூவரில் மிலாடன் கோர்பெலிக்கும் காட்டியிருந்தார்கள். அவர்கள் அதை முக்கியமாக ரத்தக்குழாய் வழியாக விளக்கினார்கள். கட்டிக்கு ரத்தம் போவதை அடைப்பதும் இந்தச் சிகிச்சை கொல்லும் வழிகளில் ஒன்று. குழாயைத் திறந்துவைக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதற்கு எதிராக நிற்கிறது. 2017-இல் ஃபாஹேயும் ஜிரோட்டியும் எலிகளில் வளர்த்த மனித மார்பகப் புற்றில், ஐநாஸை மட்டும் குறிவைக்கும் தடுப்பான்களோடு ஒளி கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி இன்னும் அடங்கியது. மூளைக் கட்டிச் செல்களில் அவர்கள் வேறொரு வாசலையும் முயன்றிருக்கிறார்கள். ஜேக்யூ1 என்ற மருந்து, ஐநாஸ் மரபணு படிக்கப்படுவதையே தடுக்கிறது. ஒளி பட்டாலும் நொதி உருவாவதில்லை.

இதில் அவசரப்படக் கூடாத இடமும் இருக்கிறது. மூன்று நொதிகளையும் பாரபட்சமில்லாமல் தடுக்கும் எல்-என்எம்எம்ஏ என்ற மருந்தை ரத்தத் தொற்று அதிர்ச்சி நோயாளிகளுக்குக் கொடுத்த பெரிய சோதனையில் இறப்பு கூடியதால் அதை நிறுத்தினார்கள். 2004-இல் அந்த முடிவுகள் வெளியாயின. ரத்தக்குழாய்க்கு வேண்டிய நைட்ரிக் ஆக்சைடையும் சேர்த்து வெட்டினால் உடம்பு தாங்காது. அதே மருந்தை ஹூஸ்டனில், வேதி மருந்துக்குப் பணியாத மும்மறை மார்பகப் புற்று (மருந்துகள் வழக்கமாகக் குறிவைக்கும் மூன்று புரதங்களும் இல்லாத வகை) நோயாளிகளுக்கு டாக்சேன் வகை மருந்தோடு கவனமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க அம்லோடிபைனும் சேர்த்தார்கள். 2021-இல் வெளியான அந்த ஆரம்பகட்டச் சோதனையில் சில நோயாளிகளின் கட்டி நன்றாகச் சுருங்கியது. அது ஒளியியக்க சிகிச்சை இல்லை. ஆனால் புற்று நோயாளிக்கு இந்தப் பாதையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பத்திரமாகக் கொண்டுபோக முடியும் என்று காட்டியது. ஐநாஸை மட்டும் தொடும் மருந்தை, ஒளி கொடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நாள் மட்டும் கொடுத்தால் போதும் என்று நான் நினைக்கிறேன். அதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தட்டில் மேக்ரோஃபேஜ் இல்லை. உடம்பில் இருக்கிறது, அது புற்றைக் கொல்ல அதே நொதியைத்தான் நம்பியிருக்கிறது. எத்தனை நாள், எவ்வளவு என்பதில் தவறினால் நம் படையின் கையைத்தான் கட்டிவிடுவோம்.

இதைப் படித்துவிட்டு ஒளியியக்க சிகிச்சை வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 1990-களிலிருந்து அங்கீகாரம் பெற்றுப் பலருக்குப் பலன் தந்துவரும் சிகிச்சை இது. மேலோட்டமான தோல் புற்றில், உணவுக்குழாய் அடைத்துச் சாப்பிட முடியாமல் தவிப்பவருக்கு வழி திறப்பதில், இதன் மதிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கத்தி வைக்க முடியாத இடத்தில் இது போகும். திரும்பத் திரும்பச் செய்யலாம். அதனால்தான் இதன் ஓட்டையை அடைக்க வேண்டும் என்று இவ்வளவு தவிப்பு.

அந்த அம்மா இன்று என் எதிரில் வந்து நின்றால் இப்படிச் சொல்வேன்: “அம்மா, அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன். மிஞ்சினது சிலது அடங்காது. சிலது முன்னைவிட வேகமாகவும் கிளம்பும். ஏன் அப்படின்னு இப்பக் கொஞ்சம் தெரியுது. அதை நிறுத்துற மருந்தும் கையில இருக்கு, ஆனா இந்தச் சிகிச்சையோட சேர்த்து மனுஷங்களுக்குக் கொடுக்கற நிலைமைக்கு இன்னும் வரல. வெளிச்சம் கொடுத்த பிறகு மறுபடி எப்ப உள்ளே பார்ப்பீங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் சொல்ற தேதியைத் தள்ளிப்போடாதீங்க.”

எங்கள் ஆய்வக நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. செத்தவை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், மிஞ்சியவை. அந்தப் பெண்தான் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். இந்த வாரம் நாங்களும் சிலிகான் வளையம் வைத்திருக்கிறோம், ஆறு தட்டுகள், மூன்றில் தடுப்பான். இன்று காலை ஒன்பது மணிக்கு இடுக்கியால் வளையங்களைத் தூக்கி எடுத்தோம். திரவம் இரு பக்கமும் மெதுவாகக் கலந்தது. நாளை இதே நேரம் படம் எடுக்க வேண்டும்.